கடற்காற்று எத்தனை மணிக்கு?

சித்திரை பிறந்ததும் நம் கரையோரத்து வீடுகளில் இரண்டு ஏடுகள் ஒன்றோடொன்று போட்டிக்கு நிற்கின்றன. ஒன்று பஞ்சாங்கம். மற்றொன்று நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிக்கை. பஞ்சாங்கம் கறாரான ஆசாமி. சித்திரை 21-ல் கத்திரி ஆரம்பம், வைகாசி 14-ல் நிவர்த்தி என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். வானிலை அறிக்கையோ சபைக் கூச்சமுள்ள பையனைப் போல் "ஓரிரு இடங்களில்", "ஓரளவு", "பெய்யக்கூடும்" என்று தயங்கித் தயங்கிப் பேசுகிறது. உலகத்தில் கறாராகப் பேசுகிறவருக்குத்தானே மதிப்பு? ஆகவே, அறிக்கையைப் பரிகாசம் செய்வது நம் ஜனங்களுக்கு ஒரு கோடைகாலப் பொழுதுபோக்காகிவிட்டது. பனைநுங்குக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் அடுத்தபடி இதைத்தான் சொல்லவேண்டும்.

நாம் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, பொன்னேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அந்தச் சாஸ்திரத்தையே போதித்து வயிறு வளர்ப்பவர். குடியிருப்பது திருவொற்றியூரில். ஆதலால் வானிலை அறிக்கையின் சார்பாக இரண்டு வார்த்தை பேசும் கடமை நமக்கு உண்டு. அதன்மேல் நமக்குள்ள குறையைச் சொல்லும் உரிமையும் உண்டு.

முதலில் சார்பாக. "ஓரிரு இடங்களில்" என்பது மழுப்பலான பேச்சு அன்று. அதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பிரதேசத்திலுள்ள மழைமானிகளில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படாதவற்றில் மழை பதிவானால் "ஓரிரு இடங்கள்". ஐம்பது வரைக்கும் "ஒரு சில இடங்கள்". எழுபத்தைந்து வரைக்கும் "பல இடங்கள்". அதற்கு மேற்பட்டால் "பெரும்பாலான இடங்கள்". நம் தெருவில் தூறல் விழாததால் அறிக்கை பொய்த்துவிட்டதென்று தீர்ப்புச் சொல்கிறோமே, அப்போது நம் தெருவே தமிழ்நாடு என்று எண்ணிவிடுகிறோம்.

"இயல்பு" என்னும் சொல்லும் அப்படித்தான். முப்பது வருஷத்துப் பதிவுகளின் சராசரியையே இயல்பு என்கிறார்கள். சில வருஷங்களுக்கு ஒரு முறை அந்த முப்பது வருஷமும் முன்னுக்கு நகர்த்தப்படும். பூமி சூடேறிவரும் காலத்தில் இயல்பும் கூடவே ஏறிவிடுகிறது. "இயல்பை ஒட்டியே இருக்கும்" என்று படித்து ஆறுதல் கொள்கிறவர், எந்த முப்பது வருஷத்து இயல்பு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

பஞ்சாங்கத்திடம் வருவோம். கத்திரியை நாம் பழிக்கவில்லை. சூரியன் பரணியின் பிற்பகுதியில் புகுந்து, அக்கினியைத் தேவதையாகக் கொண்ட கார்த்திகையைக் கடந்து, ரோகிணியில் முதற்பாதம் தாண்டும் வரையுள்ள நாட்கள் அவை. கணக்குப் பிசகுவதில்லை. ஆனால் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது கத்திரியில் அன்று. ஏப்ரல் 24, 25 தேதிகளில். அந்த நாளில் பள்ளி மைதானத்தில் ஒரு கழியை நட்டு, உச்சிப்பொழுதில் நிழல் கழியின் அடிக்குள் ஒளிந்துகொள்வதை மாணவர்களுக்குக் காட்டுவது நமது வழக்கம். "நிழல் இல்லாத நாளன்றோ அதிக வெயில் அடிக்கவேண்டும், ஐயா?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். "உங்கள் அம்மா அடுப்பை மூட்டியவுடன் தோசைக்கல் காய்ந்துவிடுகிறதா?" என்று நாமும் ஒவ்வொரு வருஷமும் திருப்பிக் கேட்போம். தரை காய்வதற்கும் நாள் ஆகும்.

இதிலும் விந்தை ஒன்று உண்டு. நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச வெயில் 45 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட் கணக்கில் நூற்றுப் பதின்மூன்று. அது பதிவான தினம் 2003-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி. கத்திரி நிவர்த்தியாகி, வீடுகளில் "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்ட பிறகு வந்த தினம் அது. சென்னையில் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாய் இராது. இங்கே கத்திரியின் முற்பகுதியைக் காட்டிலும் அதன் வாலும், அதற்குப் பின் வரும் ஜூன் மாதமுந்தான் கடுமை. ஏன் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே அடங்கியிருக்கிறது.

பழந்தமிழர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தார்கள். வடக்கேயிருந்து வருவது வாடை. தெற்கேயிருந்து வருவது தென்றல். கிழக்கேயிருந்து வருவது கொண்டல். மேற்கேயிருந்து வருவதற்குப் பெயர் கோடை. ஆம், கோடை என்பது பருவத்துக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் பெயர். தொண்டைமண்டலக் கரையிலே வாழ்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இங்கே வெயிற்காலம் என்பது கோடைக்கும் கொண்டலுக்கும் தினந்தோறும் நடக்கும் மல்யுத்தம்.

காலையில் தரைக்காற்று மேற்கேயிருந்து வீசும். வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட விரைவில் காயும். தரைமேலுள்ள காற்று சூடேறி மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். இதுவே கடற்காற்று. ஏப்ரல் மாதத்தில் மேலைக்காற்றுக்கு வலுக்குறைவு. ஆகவே கடற்காற்று பத்து, பதினொரு மணிக்கே ஏறிவிடுகிறது; வெயிலும் 35, 36-ல் அடங்கிவிடுகிறது. மே பிற்பகுதியில் கேரளத்தை நோக்கித் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்க நெருங்க மேலைக்காற்று பலம் பெறும். மேற்குத்தொடர்ச்சி மலையின் அப்புறத்திலே மழையை இறக்கி வைத்துவிட்டு, இப்புறம் உலர்ந்து சூடேறிய வெறுங்காற்றாய் இறங்கி, நானூறு கிலோமீட்டர் காய்ந்த பூமியைக் கடந்து நம்மிடம் வரும். அந்தக் காற்று கடற்காற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடும். பதினொரு மணிக்கு வரவேண்டிய விருந்தாளி ஒரு மணிக்கு வருவார், இரண்டுக்கு வருவார், மூன்றுக்கு வருவார், சில நாட்கள் வராமலே இருந்துவிடுவார். ஒவ்வொரு மணி தாமதத்துக்கும் உஷ்ணம் படி ஏறும்.

இதைப் பிரத்தியட்சமாய் அறிய விரும்புவோர் மே மாதத்தில் பிற்பகல் ஒரு மணி வாக்கில் பொன்னேரியிலிருந்து சென்னை செல்லும் மின்ரயிலில் ஏறிப் பார்க்கலாம். மீஞ்சூர் வரை ஜன்னல் வழியே வருவது செங்கற்சூளைக் காற்று. அத்திப்பட்டு தாண்டி எண்ணூர் நெருங்கியதும், யாரோ ஈரத்துணியால் முகத்தைத் துடைத்ததுபோல் இருக்கும். வண்டியிலுள்ள அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கண்ணை மூடுவார்கள். ஒரே ரயில், ஒரே நாள், ஒரே "அதிகபட்ச வெப்பநிலை". ஆயினும் இரண்டு தேசம்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையுள்ள அறுபத்தொரு நாட்களில், அவருடைய சிறு படகு கரையோரமாய்ப் போய்வரும். ஒரு நாள் அவரிடம், "நாளைக்கு முப்பத்தொன்பது டிகிரி என்று போட்டிருக்கிறதே, பெரியவரே!" என்றோம்.

"டிகிரியை வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? மேல்காத்து எப்ப விடும், கடல்காத்து எப்ப ஏறும், அத்தச் சொல்லச் சொல்லுங்க" என்றார் அவர்.

நாம் சொல்ல வந்த குறையும் இதுவே. அறிக்கை நாளின் உச்சத்தைச் சொல்கிறது. அந்த உச்சம் எத்தனை மணி நேரம் நம் தலைமேல் உட்கார்ந்திருக்கும் என்பதைச் சாமானியனுக்குப் புரியும்படி சொல்வதில்லை. 39 டிகிரியைத் தொட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்கே இறங்கிய நாளும், 39-லேயே நான்கு மணி வரை நின்ற நாளும் மறுநாள் பத்திரிகையில் ஒன்றாகவே அச்சாகின்றன. பத்திரிகைகளுக்கு 37.8-ஐத் தாண்டினால் போதும்; பழைய பாரன்ஹீட் கணக்கை நினைவு வைத்துக்கொண்டு "வெயில் சதமடித்தது" என்று கிரிக்கெட் ஆட்டக்காரனுக்குப் போல் மாலை சூட்டிவிடுகிறார்கள்.

அந்த எண்ணும் நிழலின் எண் என்பதை மறக்கக்கூடாது. ஆய்வு மையத்தில் வெள்ளை வர்ணம் பூசிய, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை அடித்த மரக்கூண்டு ஒன்று, தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் நிற்கும். வெயில் படாமல், காற்று மட்டும் உலவும்படி அதற்குள்ளே உஷ்ணமானியை வைத்திருப்பார்கள். உலகெங்கும் அதுவே முறை, முறையில் தவறில்லை. ஆனால் தார்ச்சாலை போடுகிறவரும், கொளுத்துகிற வெயிலில் கல் சுமக்கிற பெண்ணும், தகரக் கொட்டகையில் பாடம் படிக்கிற குழந்தையும் அந்த வெள்ளைக் கூண்டுக்குள் வசிக்கவில்லை.

"வெப்ப அலை" என்பதற்கும் கணக்கு உண்டு. கடலோர நிலையமாயின், உஷ்ணம் குறைந்தது 37 டிகிரியாவது இருக்கவேண்டும். அத்துடன் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவேண்டும். மே மாதக் கடைசியில் இயல்பே 38 என்று வைத்துக்கொண்டால், 42.5 வந்தாலொழிய அது வெப்ப அலை ஆகாது. 41 டிகிரியில் கடற்கரை ஈரமும் சேர்ந்து மனிதனை அவித்தெடுத்தாலும் அறிக்கையில் அதற்கு வழங்கும் பெயர் "அசௌகரியம்". இந்தச் சொல்லின் நாகரிகத்தை நாம் பல தடவை வியந்திருக்கிறோம். நாற்காலியில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் அசௌகரியம். மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் வந்துவிட்டால் அசௌகரியம்.

மூன்று வருஷங்களுக்கு முன் ஜூன் மாதத்து மூன்றாவது வாரத்தில் நமது வகுப்பில் நடந்ததை என்னவென்று சொல்வது? கட்டடம் போதாமல் ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவைத் தகரக் கூரையிட்ட கொட்டகையில் வைத்திருந்தார்கள். அன்றைய அறிக்கையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. மாவட்டம் முழுவதும் பச்சை வர்ணந்தான். பதினொன்றரை மணிக்கு, கரும்பலகையில் நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் சத்தமில்லாமல் சாய்ந்துவிட்டாள். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள். காலையில் உண்டது ஒரு டம்ளர் தேநீர். புங்கமரத்தடிக்குத் தூக்கிச் சென்று, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் விட்டு விசிறினோம். சத்துணவுக் கூடத்து ஆயா உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்தார். கால்மணி நேரம் கழித்து அவள் கண் விழித்தாள். "இன்றைக்குப் பரீட்சை உண்டா, ஐயா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அந்தக் கால்மணி நேரம் நமக்கு இருபது வருஷத்து உத்தியோகத்தைவிட நீண்டிருந்தது.

மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு உஷ்ணமானிகள் எடுத்துவந்தோம். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றினோம். வியர்வை உடம்பை எவ்வளவு குளிர்விக்கும் என்பதை இந்த ஈரக்குமிழே காட்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மரத்தடியில் உலர்ந்த குமிழ் 36 காட்டியது; ஈரக்குமிழ் 28. கொட்டகைக்குள்ளே உலர்ந்த குமிழ் 41. மேற்குப் பக்கத்து அடைப்பை எடுத்துவிட்டு, கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்து தரும்படி மேலிடத்துக்கு எழுதினோம். கடற்காற்று ஏறும் வரைக்கும் வகுப்பை மரத்தடியில் நடத்த அனுமதியும் கேட்டோம். கீற்றுக்கு அனுமதி வந்தது. காற்றைப்பற்றிச் சுற்றறிக்கைகளில் விதி எதுவும் இல்லையாதலால் மற்றதைப் பரிசீலிக்க இயலவில்லை என்று பதில் கிடைத்தது. எழுதியவர் நல்ல மனிதர். விதி இல்லாதது வாஸ்தவந்தான்.

விதி செய்கிறவர்களுக்கு உள்ள சங்கடத்தையும் நாம் உணராமலில்லை. திருவள்ளூர் மாவட்டம் என்பது அறிக்கையில் ஒரே பெயர், ஒரே வர்ணம். அதன் கீழைக்கோடியில் பழவேற்காடு ஏரி. மேலைக்கோடியில் திருத்தணி மலை. முன்னது கடலின் மடியில் இருக்கிறது. பின்னதற்குக் கடற்காற்று எட்டினால் அதிர்ஷ்டம். அதுவும் பொழுது சாய்ந்த பிறகே. இவ்விரண்டுக்கும் ஒரே மணியில் பள்ளிக்கூடம் திறந்து ஒரே மணியில் மூடவேண்டும்!

2023-ல் மேல் வகுப்புகள் ஜூன் 1-ல் திறப்பதாக இருந்தது. வெயிலை முன்னிட்டு 7-க்குத் தள்ளினார்கள். பிறகு 12-க்கும், சிறு பிள்ளைகளுக்கு 14-க்கும் தள்ளினார்கள். திறந்து ஒரு வாரம் ஆவதற்குள், 19-ந் தேதி, சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் கனமழை என்று விடுமுறை விட்டார்கள். "வெயிலுக்கு லீவு, மழைக்கும் லீவு, வாத்தியாருக்கு யோகம்!" என்று அடுத்த வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் ஜூன் மாதத்து மழையில் கடற்காற்றுக்கும் பங்கு உண்டு. ஜூனில் மேலைக்காற்றும் கடற்காற்றும் மோதுகிற விளிம்பிலே காற்று மேலெழும்பி இடிமேகம் திரள்கிறது. மாலை மழைக்காகக் காத்திருக்கும் ஊரார் உண்மையில் அந்த மல்யுத்தத்தின் முடிவுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

வெயிற்கால வானிலையைப்பற்றிப் பேசும்போது 2019-ஐ மறக்க முடியாது. முந்தின வருஷத்து வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் அடிமண் காட்டிக்கொண்டிருந்தன. ஏப்ரல் கடைசி வாரத்தில் இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு நிலை தோன்றியது. 'பானி' என்று பெயர் பெற்றது. வட தமிழகக் கரையை நெருங்கலாம் என்று முதலில் அறிவித்தார்கள். புயல் வருகிறதென்று கேட்டு மனிதர்கள் மகிழ்ந்ததை நாம் அப்போதுதான் கண்டோம். மொட்டை மாடிகளில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். புயலோ வடக்கே திரும்பி, மே 3-ந் தேதி பூரிக்கு அருகே கரை ஏறிற்று. இங்கே ஏமாற்றம், "பொய் அறிக்கை" என்று வசவு. ஆனால் அதே மையங்களின் எச்சரிக்கையைக் கேட்டுத்தான் ஒடிஸாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். 1999-ல் அந்த மாநிலத்தில் புயலுக்குச் சுமார் பத்தாயிரம் பேர் பலியானார்கள். 2019-ல் மாண்டவர்கள் நூறு பேருக்கும் குறைவு. நமக்கு வராத மழையை எண்ணி அந்த அறிக்கையை ஏசியவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

வடக்கே போன புயல் நம் கரையில் மேலைக்காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஜூனில் ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது டாங்கிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரயில் வந்ததும் மாலை போட்டு வரவேற்றார்கள். நமது தெருவில் லாரித் தண்ணீருக்கு இரவு இரண்டு மணிக்குக் குடம் வரிசையிட்டது. காலையில் முதல் மணியிலேயே மாணவிகள் தூங்கி விழுந்தார்கள். குடங்களை அடுக்கியவர்கள் அவர்கள்தாம்.

வானிலை குறிப்பதில் இந்தக் கரை இந்தியாவிலேயே மூத்த கரைகளில் ஒன்று. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கும்பினியார் வானாராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். தமிழ் உட்படப் பல மொழிகளில் சாசனம் பொறித்த கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1796 முதல் கோல்டிங்காம் என்பவர் அங்கே உஷ்ணத்தையும் காற்றையும் குறித்துவந்தார். கும்பினியாரின் அக்கறை நம் தலை காய்வதைப்பற்றி அன்று, கப்பல்களைப்பற்றியது. துறைமுகத்துப் புயற்கூண்டும் கப்பலுக்காக ஏற்பட்டதே. ஒன்று முதல் பதினொன்று வரை எண் உண்டு. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது எந்தக் குப்பத்துப் பையனுக்கும் தெரியும். வெயிலுக்கு இப்படி ஊரெல்லாம் காணும் கூண்டு எதுவும் ஏற்படவில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வர்ணம் தீட்டுகிறார்கள். அது கைபேசியைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு. சாலையோரத்தில் கல் உடைப்பவர் எங்கே திறந்து பார்ப்பது?

கொட்டகைச் சம்பவத்துக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஏப்ரலில் பள்ளி மூடும் வரையிலும், ஜூனில் திறந்த பிறகும், தினமும் கடற்காற்று ஏறிய மணியை அதில் குறிக்கவேண்டும். கொடிக்கம்பத்தில் கட்டிய சிவப்பு ரிப்பன் மேற்கு நோக்கித் திரும்பினால் காற்று வந்துவிட்டது என்று கணக்கு. விடுமுறையில் பழவேற்காட்டுப் பிள்ளைகள் அங்கேயும், கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் அங்கேயும் குறித்து வருகிறார்கள். மயங்கி விழுந்த பெண்ணே முதல் வருஷத்துக் கணக்கப்பிள்ளை. ஏப்ரல் பக்கங்களில் 10.40, 11.15 என்று இருக்கிறது. ஜூன் பக்கங்களில் 2.10, 2.50. ஆறு நாட்களுக்கு எதிரே "வரவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இவ்வாண்டு தலைமையாசிரியர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். விளையாட்டு வகுப்பைக் காலை முதல் மணிக்கு மாற்றிவிட்டு, கொட்டகைப் பிரிவை நூலகத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோக உத்தரவிட்டிருக்கிறார். தாழ்வாரம் கிழக்குப் பார்த்தது. ஐம்பது பேருக்கு இடம் நெருக்கந்தான்; பத்துப் பேர் தரையில் உட்காரவேண்டும்.